ஒப்பந்தம் எட்டாத பட்டறை: ஹெப்பாரின் கலப்படம், 2007–08

2007 நவம்பர் 19. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனை. டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் குழந்தைகளுக்குக் கண் இமை வீங்கியது, நெஞ்சு படபடத்தது, இரத்த அழுத்தம் சரிந்தது. ஒவ்வாமை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எதனால் என்பதுதான் தெரியவில்லை. டயாலிசிஸ் பிரிவில் இப்படி ஆனால் முதலில் குழாயையும் ஃபில்டரையும்தான் சந்தேகிப்பார்கள். அங்கேயும் அப்படித்தான் நடந்தது. ஜனவரி முதல் வாரத்தில் அதே அறிகுறிகள் மறுபடி தலைகாட்ட, விஷயம் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் சி.டி.சி. எனப்படும் நோய்த்தடுப்பு மையத்துக்கும் போனது.

சி.டி.சி. நாடு முழுக்கத் துழாவியதில், ஜனவரி முடிவதற்குள் 13 மாநிலங்களில் 113 நோயாளிகளுக்கு 152 தடவை இதே மாதிரி ஆகியிருந்தது தெரிய வந்தது. பிரச்சினை வந்த மையங்களையும் வராத மையங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். வந்த மையங்கள் அத்தனையிலும் பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஹெப்பாரின் மருந்து இருந்தது. வராத மையங்களில் 4.3 சதவீதத்தில்தான் இருந்தது. இவ்வளவு துலக்கமான விடை இந்த மாதிரி விசாரணைகளில் அபூர்வம். ஜனவரி 17 அன்று பாக்ஸ்டர் ஒன்பது பேட்ச்களைத் திரும்பப் பெற்றது. பிப்ரவரி கடைசியில், சந்தையில் மிச்சமிருந்த தன் ஹெப்பாரின் குப்பிகளையும் திரும்ப அழைத்தது. அமெரிக்கா பயன்படுத்திய ஹெப்பாரினில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு நிறுவனத்துடையது.

மருந்து ஆலைகளில் தர ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கும், அதில் கையெழுத்துப் போடுபவர்களுக்கும் இதைவிடப் பயனுள்ள ஒரு வழக்கு கிடையாது என்பது என் எண்ணம். உற்பத்தியாளருக்கும் சப்ளையருக்கும் இடையில் போடும் தாள் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதை இது பச்சையாகக் காட்டுகிறது. சோம்பேறித்தனம், லஞ்சம், போலி ஆவணம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இதற்குத் தேவைப்படவில்லை. அவரவர் தத்தம் சோதனைகளைச் செய்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சரக்கு பாஸ் ஆகிக்கொண்டே இருந்தது.

ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், ஊசிக் குழாய்களை அடைக்காமல் வைத்திருப்பது என்று எல்லாவற்றுக்கும் வேண்டும். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் கல்லீரலை வைத்து ஆராய்ந்ததில் தொடங்கிய கதை அது. நூறாண்டு ஆகியும் ஆலையில் முழுக்கச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி வழக்கத்துக்கு வரவில்லை. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்துதான் எடுக்க வேண்டும். முன்பு மாட்டு நுரையீரலிலிருந்தும் எடுத்தார்கள். பைத்தியப் பசு நோய் (மேட் கவ்) பயத்தில் 1990களில் அமெரிக்கச் சந்தை அதைக் கைவிட்டது. ஒரு கிலோ கச்சா ஹெப்பாரினுக்கு ஏறத்தாழ 3,000 பன்றிகள் தேவை. உலகிலேயே அதிகம் பன்றி வளர்க்கும் நாடு சீனா. உலகின் கச்சா ஹெப்பாரினில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது.

பாக்ஸ்டர் குப்பியில் இருந்த மருந்து வந்த வழி இது. சீனக் கிராமப்புறங்களில் குடும்பத்தோடு நடத்தும் சிறு பட்டறைகள். பன்றிக் குடலைச் சுரண்டிக் கழுவி, காய்ச்சி, கச்சா ஹெப்பாரின் பொடியாக்கி விற்பார்கள். அந்தப் பொடியை வாங்கிச் சேர்த்து, ஒன்றாகக் கலந்து மேலே அனுப்ப 'கன்சாலிடேட்டர்' எனப்படும் மொத்தக் கொள்முதல்காரர்கள். அடுத்தது ஜியாங்சு மாகாணத்துச் சாங்சோ நகரிலிருந்த சாங்சோ எஸ்.பி.எல். ஆலை, பொடியைச் சுத்தப்படுத்தி மருந்தின் மூலப்பொருளான ஏ.பி.ஐ. ஆக்குவது இது. அதற்கு மேலே, அந்த ஆலையில் பெரும்பங்கு வைத்திருந்த விஸ்கான்சின் மாநிலத்து சயின்டிஃபிக் புரோட்டீன் லேபரட்டரீஸ். கடைசியில் நியூ ஜெர்ஸியின் செர்ரி ஹில் ஆலையில் ஊசி மருந்தாக்கிக் குப்பியில் அடைக்கும் பாக்ஸ்டர். மருத்துவமனைக்கு வருமுன்பே ஐந்து கை.

இனி ஒரு தர ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பின்னிணைப்பில் ஒரு பொறுப்பு அட்டவணை இருக்கும். இடது ஓரத்தில் வேலைகள்: மூலப்பொருள் கொள்முதல், உள்வரும் சரக்கின் சோதனை, பேட்ச் ஆவணம், ஸ்பெசிஃபிகேஷன் எனப்படும் தர வரையறை, விலகல்கள், மாற்றக் கட்டுப்பாடு, புகார், ரீகால், மாதிரி பாதுகாப்பு. வலப்பக்கம் இரண்டு பத்திகள், ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று தருபவருக்கு. ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒரு பத்தியில் ஒரு பெருக்கல் குறி. 'மூலப்பொருள் சப்ளையர்களைத் தகுதிப்படுத்துதல்' என்ற வரியில் குறி எப்போதும் தருபவர் பத்தியில்தான் விழும். வாங்குபவரின் குவாலிட்டி ஆட்கள் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். குறி போட்டாயிற்றே!

ஹெப்பாரினில் கை வைத்தவன் அந்த அட்டவணையில் எந்தப் பத்தியிலும் இல்லை. அவன் பட்டறையிலோ கொள்முதல் கிட்டங்கியிலோ இருந்தான். பாக்ஸ்டரோடு அவனுக்கு எந்தத் தாளும் கிடையாது.

கலந்தது என்ன? மிகைச் சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட். காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் விலங்குகளின் குருத்தெலும்பில் கிடைக்கும் சாதாரணப் பொருள். மூட்டுவலி மாத்திரை என்று கடையில் விற்பது. அதன்மேல் ரசாயன முறையில் சல்ஃபேட் தொகுதிகளை அளவுக்கு மீறி ஏற்றினால், ஹெப்பாரின் மாதிரியே அடர்ந்த எதிர்மின் சுமை கொண்ட ஒரு மூலக்கூறு கிடைக்கும். இயற்கையில் அப்படியொன்று இல்லை. ஆகவே ஏதோ கழுவாத தொட்டியிலிருந்து தற்செயலாக வந்தது என்று சொல்ல வழியே இல்லை. யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். கச்சா ஹெப்பாரினின் விலையில் நூறில் ஒரு பங்குதான் இதற்கு ஆகும் என்று அப்போது செய்திகள் வந்தன. சோதித்த ஹெப்பாரின் மாதிரிகளில் 2 முதல் 50 சதவீதம் வரை இது இருந்ததாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொன்னது.

அன்றைய அமெரிக்க மருந்துக் குறிப்பேடான யு.எஸ்.பி., ஹெப்பாரினின் வீரியத்தை ஆட்டு இரத்தப் பிளாஸ்மா எவ்வளவு நேரம் உறையாமல் இருக்கிறது என்று பார்த்து அளந்தது. மிகைச் சல்ஃபேட் ஏற்றிய பொருளும் கொஞ்சம் உறைவதைத் தடுக்கும். எனவே கலப்படப் பொடி அந்தச் சோதனையில் தேறியது. பால்மானி வைத்துப் பால் வாங்கிய காலத்தில் தண்ணீர் ஊற்றியவன் கூடவே சர்க்கரையையும் போட்டு அளவை நேராக்கினானே, அதே வேலை. பால்மானி அடர்த்தியைத்தான் பார்க்கும், பாலைப் பார்க்காது.

சீனாவில் 2007இல் இன்னொரு சம்பவமும் இதே தர்க்கத்தில் நடந்தது. செல்லப்பிராணித் தீவனத்துக்கான கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்தார்கள், ஏனென்றால் புரதத்தை நைட்ரஜனைக் கொண்டுதான் அளந்தார்கள், மெலமினில் நைட்ரஜன் நிறைய. அடுத்த ஆண்டு அது குழந்தைப் பால்மாவிலும் வந்தது. இரண்டிலும் ஏமாற்றியவனுக்குச் சோதனை முறை மனப்பாடம். ஸ்பெசிஃபிகேஷனைப் படித்துவிட்டு அதற்கேற்பச் சரக்கு செய்திருக்கிறான்.

இதனால்தான் தர ஒப்பந்தத்தில் 'பொருள் நடப்பு மருந்துக் குறிப்பேட்டின் தேவைகளை நிறைவு செய்ய வேண்டும்' என்ற வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சட்டப்படி அது இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது கீழ்வரம்பு. குறிப்பேட்டின் சோதனைகள், நேர்மையான ஆலையில் தயாரிப்பில் ஏற்படும் கோளாறைப் பிடிக்க எழுதப்பட்டவை. நீர்ச்சத்து கூடியதா, கன உலோகம் உண்டா, வீரியம் குறைந்ததா. சரக்கு வேறொன்றா என்ற கேள்வியை அவை முழுசாகக் கேட்பதில்லை. சாங்சோ பொடியோடு வந்த பகுப்பாய்வுச் சான்றிதழில் பொய் எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. அதிலிருந்த எண்கள் உண்மையான அளவீடுகளாகவே இருந்திருக்கலாம்.

பிடித்தது எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஃப்.டி.ஏ. ஆய்வகங்களும், எம்.ஐ.டி.யின் ராம் சசிசேகரன் முன்னின்ற குழுவும், வேறு சில ஆய்வுக்கூடங்களும் சேர்ந்து வேலை செய்தன. மூலக்கூறுகளைப் பிரித்தறியும் கேப்பிலரி எலக்ட்ரோபோரசிஸ், அவற்றின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். என்ற இரண்டு முறைகளும் காட்டிக்கொடுத்தன. என்.எம்.ஆர். வரைபடத்தில் ஹெப்பாரினுக்கு வர வேண்டிய முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாத ஒரு சின்ன முகடு. 2008 மார்ச் 6 அன்றே எஃப்.டி.ஏ. இந்த இரு முறைகளையும் உலகம் முழுக்கப் பொதுவில் வைத்துவிட்டது. ஏப்ரலில் கலப்படத்தின் அமைப்பும், அது உடலில் என்ன செய்கிறது என்பதும் ஆய்விதழ்களில் வெளிவந்தன. மிகைச் சல்ஃபேட் மூலக்கூறு இரத்தத்தில் கல்லிக்ரீன் என்ற நொதியைத் தூண்டிவிட்டு, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிராடிகினினைச் சுரக்கச் செய்கிறது, கூடவே சி3ஏ, சி5ஏ என்ற புரதங்களையும். அழுத்தம் திடீரென்று விழுவதற்கு அதுவே காரணம். விலங்குச் சோதனையை எதில் செய்தார்கள் தெரியுமா? பன்றியில்.

பேட்ச் எண் தெரிந்த 54 பாதிப்புகளில் 52, கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட பேட்ச்களோடு பொருந்தின. அமெரிக்காவில் ஒவ்வாமை அல்லது அழுத்தச் சரிவு அறிகுறியோடு பதிவான மரணங்கள் 81 என்று எஃப்.டி.ஏ. அந்த வசந்தத்தில் கணக்குச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஹெப்பாரின்தான் காரணம் என்று நிறுவவில்லை என்பதையும் கூடவே சொன்னது. கலப்படச் சரக்கு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 11 நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. சீன அதிகாரிகள் அந்தப் பொருளால்தான் மரணம் என்பதை ஏற்க மறுத்தார்கள், நியூ ஜெர்ஸி ஆலையையும் பார்க்க வேண்டும் என்றார்கள். கலந்தவர் யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் நிறுவப்படவில்லை.

இனி காவல் காத்தவர்கள் பக்கம். முதலில் எஃப்.டி.ஏ. 2004இல் சாங்சோ ஆலையை அது நேரில் பார்க்காமலே அனுமதித்தது. ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு சீன ஆலை ஏற்கெனவே ஆய்வு செய்யப்பட்டிருந்தது. தரவுத்தளத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். சீன மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பார்க்கவில்லை, அங்கே அந்த ஆலை மருந்து ஆலையாகவே பதிவாகியிருக்கவில்லை, ரசாயன ஆலையாகப் பதிவாகியிருந்தது. இரண்டு அரசுகளின் கண்ணும் தப்பிய ஆலை. ஒவ்வொரு பக்கமும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டது.

பாக்ஸ்டர் அந்த ஆலைக்கு 2007 செப்டம்பரில் ஆடிட் போனது. குழந்தைகளுக்கு வீக்கம் வருவதற்கு இரண்டே மாதம் முன்பு. சரக்கு வாங்கத் தொடங்கிப் பல காலம் ஆன பின்பு. ஆடிட்டில் பெரிய குறை எதுவும் எழவில்லை, ஆலை தேறியது. 2008 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. ஆட்கள் முதல் முறையாக அதே வாசல் வழியே போனார்கள். ஏப்ரல் 21 தேதியிட்ட எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்த குற்றச்சாட்டுகளைப் படித்தால் இரண்டு வேறு ஆலைகளைப் பார்த்தார்களோ என்று தோன்றும். சுத்திகரிப்பு முறை அசுத்தங்களை நீக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. கச்சா ஹெப்பாரின் தருபவர்களை மதிப்பிட முறையான ஏற்பாடு இல்லை. சோதனை முறைகள் அந்த ஆலைச் சூழலில் சரிபார்க்கப்படவில்லை. தகுதியில்லாத பட்டறை என்று வகைப்பட்ட ஓரிடத்துச் சரக்கும் உள்ளே வந்திருந்தது.

ஏப்ரல் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரணையில் பாக்ஸ்டர் தலைவர் ராபர்ட் பார்க்கின்சனும் எஸ்.பி.எல். தலைவர் டேவிட் ஸ்ட்ரன்ஸும் உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவர் பார்ட் ஸ்டூபாக். அன்று எல்லோரும் கேட்ட கேள்வி, ஏன் பாக்ஸ்டர் ஆடிட்டர் கண்ணில் இது படவில்லை என்பது. எனக்கு அதைவிட வேறொரு கேள்விதான் பெரிது: பட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? தொட்டி கீறலை எழுதியிருப்பார், சோதனை முறை சரிபார்ப்பு கேட்டிருப்பார், சப்ளையர் பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லியிருப்பார். தொண்ணூறு நாளில், குறைகளைத் திருத்திவிட்டோம் என்று 'கேபா' எனப்படும் பதில் வந்திருக்கும். பட்டறையில் கலந்துகொண்டிருந்தவன் பாட்டுக்குக் கலந்துகொண்டிருந்திருப்பான்.

ஆடிட்டில் கேட்டிருக்க வேண்டியது கணக்கு. இந்த ஆண்டு எத்தனை கிலோ கச்சா வாங்கினீர்கள்? அதற்கு எத்தனை பன்றி? உங்களுக்கு விற்ற ஐந்தாறு கொள்முதல்காரர்களின் வட்டாரத்தில் அத்தனை பன்றி அறுபட்டதா? 2006, 2007இல் சீனாவில் 'நீலக் காது' என்ற பன்றி நோய் பரவியது. பன்றிகள் மந்தை மந்தையாகச் செத்தன, இறைச்சி விலை ஏறியது, குடலுக்குத் தட்டுப்பாடு. அப்படியிருக்கக் கச்சா ஹெப்பாரின் மட்டும் தட்டில்லாமல் வந்துகொண்டிருந்தது என்றால் யாராவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கக்கூடியவர்கள் பர்ச்சேஸ் துறைக்காரர்கள். அவர்கள் விலைப்பட்டியலைத் தினமும் பார்ப்பவர்கள், சந்தை இறுகியது அவர்களுக்குத் தெரியும். குவாலிட்டி துறைக்குத் தெரியாது, ஏனென்றால் குவாலிட்டி துறைக்கு வருவது சான்றிதழ். விலையைக் குவாலிட்டிக்காரர்களான நமக்கு யாரும் காட்டுவதில்லை, அது 'கமர்ஷியல்'.

மாற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவை எடுத்துக்கொள்வோம். எந்தத் தர ஒப்பந்தத்திலும் நீளமான பகுதி அதுதான், வக்கீல்களும் குவாலிட்டிக்காரர்களும் அதிகம் மல்லுக்கட்டுவதும் அதில்தான். ஆலை இடம் மாறினால் இத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், எந்திரம் மாறினால் இத்தனை, செய்முறை மாறினால் வாங்குபவர் எழுத்தில் ஒப்பினால்தான். சாங்சோவில் எந்த ஆலையும் இடம் மாறவில்லை, எந்திரம் மாறவில்லை, செய்முறை அட்டையில் ஒரு வரி மாறவில்லை. மாறியது வெளியே, பன்றிக் கொட்டிலில். நோயும் தட்டுப்பாடும் 'மாற்றம்' என்று எந்த வரையறையிலும் வராது. அதை வரையறைக்குள் கொண்டுவருவது ஒரு வாக்கிய வேலை: மூலப்பொருளின் சந்தை விலை ஒரு காலாண்டில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, வழக்கமான மூலங்களிலிருந்து வரத்து குறைந்தாலோ, புது மூலத்திலிருந்து வாங்கினாலோ தருபவர் அறிவிக்க வேண்டும்; அந்த அறிவிப்பு வந்தால் வாங்குபவர் அடையாளச் சோதனையைக் கூட்டுவார். நான் இதைச் சேர்க்கச் சொல்லும்போதெல்லாம் பர்ச்சேஸ் பக்கத்திலிருந்து ஒரே பதில்தான்: விலை ஏறியதென்று சப்ளையர் எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அதைக் காட்டியே விலை கூட்டக் கேட்பான். கேட்கட்டும். அந்தத் தகவல் மருத்துவமனைக்குப் போகும் ஊசிக்கு வேண்டியது.

இன்னொரு இடைவெளி நுழைவு உரிமை. ஒப்பந்தங்களில் 'வாங்குபவரும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் தருபவரின் ஆலையை ஆய்வு செய்யலாம்' என்று இருக்கும். எஃப்.டி.ஏ. பின்னோக்கித் தேடிப் போனபோது கன்சாலிடேட்டர்கள் சிலர் முழுக்கத் திறந்துவிடவில்லை. பார்க்கக் கேட்ட ஆவணமும் இடமும் எல்லாம் கிடைக்கவில்லை. வெளிநாட்டு மண்ணில் எஃப்.டி.ஏ. யாரையும் கதவைத் திற என்று வற்புறுத்த முடியாது. வணிக ஒப்பந்தம் அந்த இடத்தில் அரசைவிட வலுவானது. திறக்காவிட்டால் சரக்கு வாங்க மாட்டேன் என்று சொல்ல வாங்குபவரால் முடியும். ஆனால் அந்த மிரட்டல் சங்கிலியில் கீழே இறங்க வேண்டுமானால், தருபவர் தன் சப்ளையரிடம் போடும் ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருக்க வேண்டும், அந்தச் சப்ளையர் பட்டறையிடமும் அப்படியே. பட்டறைக்காரனோடு இருபது பக்க ஆங்கிலத் தாள் போட முடியாது என்பது உண்மை. அவனோடு ஒரு பக்கம் போதும், அவன் மொழியில்: எங்கிருந்து குடல் வாங்குகிறாய், வேறு எந்தப் பொடியும் உன் வளாகத்தில் இருக்கக் கூடாது, முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்போம்.

இந்த வழக்குக்குப் பின் சட்டமும் நகர்ந்தது. யு.எஸ்.பி. 2008 ஜூனிலேயே கலப்படத்தைப் பிடிக்கும் சோதனைகளைச் சேர்த்தது. 2009 அக்டோபரில் வீரியம் அளக்கும் முறையையே மாற்றியது. அந்த மாற்றத்தால் புது அளவில் அமெரிக்க ஹெப்பாரின் ஒரு யூனிட்டின் வலு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது, மருத்துவர்களுக்கு டோஸ் பற்றி எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. கலப்படக்காரன் ஒருவனால் ஒரு நாட்டின் மருந்தளவு அலகே அசைந்திருக்கிறது. எஃப்.டி.ஏ. 2008 நவம்பரில் பெய்ஜிங்கில் அலுவலகம் திறந்தது, அடுத்து இந்தியாவிலும். 2012இல் வந்த அமெரிக்கச் சட்டத் திருத்தம், நல்ல உற்பத்தி நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே மூலப்பொருளின் ஆபத்தை மேலாள்வதையும் அதன் பாதுகாப்பை உறுதிசெய்வதையும் சேர்த்துவிட்டது. அதாவது பாக்ஸ்டர் நிலையில் இருப்பவர் 'கச்சா என் ஆலையில் வரவில்லையே' என்று இனிச் சொல்ல முடியாது. 2013இல் ஹெப்பாரினுக்கென்றே தனி வழிகாட்டுதல்: கச்சாவின் ஒவ்வொரு லாட்டையும் சோதியுங்கள், பன்றியைத் தவிர வேறு விலங்கு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அறிந்திருங்கள்.

தர ஒப்பந்தத்துக்கென்று எஃப்.டி.ஏ. வழிகாட்டுதல் இறுதியானது 2016 நவம்பரில். ஐரோப்பாவில் அதே பொருளில், நல்ல உற்பத்தி நடைமுறை விதிநூலின் ஏழாம் அத்தியாயம் 2013 ஜனவரியிலேயே புதிதாக நடைமுறைக்கு வந்துவிட்டது. எஃப்.டி.ஏ. ஆவணத்தில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். தர ஒப்பந்தம் வணிக ஒப்பந்தத்திலிருந்து தனியாக, குறைந்தது பிரித்தெடுக்கும்படியாக இருக்கட்டும் என்கிறது. விலையும் அபராதமும் கலந்த கட்டில் குவாலிட்டி மாட்டிக்கொண்டால் இன்ஸ்பெக்டர் கேட்கும்போது காட்டவும் முடியாது, திருத்தவும் முடியாது. இரண்டாவது, பொறுப்பை எழுத்தில் பகிர்ந்துகொள்ளலாம், சட்டக் கடமையை யார் தலையிலும் இறக்கி வைக்க முடியாது என்பது. பேட்ச் வெளியே போவதற்கு இறுதிப் பொறுப்பு மருந்தின் உரிமையாளருடையதே. அட்டவணையில் பெருக்கல் குறி எங்கே இருந்தாலும்.

இங்கே நம் பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தச் சங்கதி நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுக் கரைப்பான் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டது. அனுமதி அளவு 0.1. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்தில் கரைப்பானாகச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலை, மருந்துத் தரத்தில் இல்லாததை வாங்கிச் சோதிக்காமல் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றது துறையின் ஆய்வு. ஹெப்பாரினோடு இதை ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது, எனக்கு அது ஒப்பவில்லை. ஹெப்பாரினில் பிடிக்கும் சோதனை அன்று குறிப்பேட்டில் இல்லை. டைஎத்திலீன் கிளைக்காலைப் பிடிக்கும் சோதனை பல ஆண்டுகளாக எழுத்தில் இருக்கிறது. அங்கே ஒப்பந்தத்துக்கு எட்டாத தூரத்தில் தவறு நடந்தது, இங்கே சொந்த ஆலைக் கதவுக்குள். 2023 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட, இந்திய மருந்து விதிகளில் நல்ல உற்பத்தி நடைமுறையைச் சொல்லும் திருத்திய அட்டவணை எம், சப்ளையரைத் தகுதிப்படுத்துவதையும் மூலப்பொருள் சோதனையையும் தெளிவாகவே கேட்கிறது. சின்ன ஆலைகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஏற்றுமதி செய்யும் நம்மூர் ஆலைகள் இந்த விஷயத்தில் விசித்திரமான நிலையில் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் முப்பது நாற்பது பக்கத் தர ஒப்பந்தத்தில் தருபவராகக் கையெழுத்துப் போடுகிறோம். அதே வாரம் நம் கரைப்பான் வியாபாரியிடம் வாங்குபவராக ஒரு கேள்வித்தாளை நிரப்பி அனுப்பச் சொல்கிறோம். அவர் வியாபாரி, தயாரிப்பாளர் அல்ல. டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிள் அவர் கிட்டங்கியில் ஒட்டியதாகவும் இருக்கலாம். கேள்வித்தாளில் 'உற்பத்தியாளர் பெயர்' என்ற இடத்தில் அவர் தன் கம்பெனிப் பெயரையே எழுதியிருப்பார், நம் ஃபைலில் அது அப்படியே இருக்கும். மூல உற்பத்தியாளரின் சான்றிதழ், அதிலுள்ள பேட்ச் எண், டிரம்மின் மேலுள்ள பேட்ச் எண், போக்குவரத்து ரசீது, இந்த நான்கையும் ஒரு மேசையில் வைத்து ஒப்பிட அரை மணி நேரம் ஆகும்.

சங்கிலி முழுவதையும் எழுதித் தா என்று கேட்டால் சப்ளையர் தர மாட்டார் என்பது நியாயமான ஆட்சேபம். என் கச்சா எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று உனக்குச் சொன்னால் நாளை நீ நேராக அங்கே போய்விடுவாய் என்பார். பயம் பொய்யில்லை, அப்படிப் போனவர்களும் உண்டு. இதற்கு நடைமுறையில் ஓடும் ஒரு வழி: பட்டியல் சப்ளையரிடமே இருக்கட்டும், ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்கட்டும். பேட்ச் ஆவணத்தில் குறியீடு மட்டும் வரும். ஆடிட் நாளில் ஆடிட்டர் பெயர்களைப் பார்ப்பார், நகல் எடுக்க மாட்டார், அந்த மூலங்களில் ஓரிரண்டுக்கு சப்ளையரின் ஆளோடு சேர்ந்தே போய்ப் பார்ப்பார். புதுக் குறியீடு ஒன்று பேட்ச் தாளில் தோன்றினால் அன்றே அறிவிப்பு. நேரடிக் கொள்முதல் செய்ய மாட்டேன் என்று வாங்குபவர் இத்தனை ஆண்டுக்குத் தனியாக எழுதிக்கொடுப்பார், அந்தக் கடிதம் வணிக ஒப்பந்தத்தோடு போகும். இதை முன்வைத்தால் முதல் கூட்டத்தில் மறுப்பார்கள். இரண்டாவது கூட்டத்தில், குறியீட்டை நான்கு இலக்கமாக வைக்கலாமா ஐந்தாகவா என்று கேட்பார்கள்.